பேக்கோ வருவதற்கு முன்

டுரியான் பருவம் தொடங்கிவிட்டால் எங்கள் வார இறுதி வானொலி நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில் பாதி பழத்தைப் பற்றித்தான் இருக்கும். முசாங் கிங் கிலோ என்ன விலை, எந்தச் சாலையோரக் கடையில் ஏமாற்றாமல் கொடுக்கிறார்கள், இனிப்பு நீர் உள்ளவர் எத்தனை சுளை சாப்பிடலாம் என்று நேயர்கள் மாறி மாறிக் கேட்பார்கள். அப்படி ஒரு நாளில் வந்த அழைப்பு இது.

பெந்தோங் பக்கம் இரண்டு ஏக்கர் பழத்தோட்டம். மூன்று பிள்ளைகள் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். அப்பா, அம்மா இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அவர்களுக்காக அந்த நிலத்தில் ஒரு பண்ணை வீடு கட்ட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. குத்தகையாளர் வந்து பார்த்துவிட்டு, மேட்டை வெட்டி மண்ணைப் பள்ளத்தில் தள்ளி இடத்தைச் சமமாக்கிவிட்டால் வேலை சுலபம் என்று சொல்லியிருக்கிறார். பள்ளத்தில் நான்கு பழைய கம்பத்து டுரியான் மரங்கள் நிற்கின்றன.

"ஒரு மரத்தையும் வெட்டல தங்கச்சி. சுத்தி மூணு அடி மண்ணு ஏறும், அவ்வளவுதான். அப்பா என்னடான்னா பேக்கோவை உள்ள விடமாட்டேன்னு நிக்கிறாரு" என்றார் மூத்தவர். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டு மூடிட்டு, வெட்டலியேன்னு சொன்னா என்னடா அர்த்தம்?"

வானொலியில் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வேலை பார்த்துக்கொண்டு, காராக்கிலோ பீடோரிலோ ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கும் நம் குடும்பங்கள் பல.

அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பிறர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த சமூகம் நாம். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களைச் சொந்தமாக வாங்கட்டும் என்று 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று நம் பெயரில் ஒரு கிராண்ட் இருக்கிறது என்றால் அதன் மதிப்பு நமக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்படாமல் கட்ட வேண்டும் என்கிறேன்.

கிராண்டைப் படியுங்கள்

வீட்டின் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் கிராண்டைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி, விவசாய நிலத்தில் நில உரிமையாளர் தாம் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ள இடமுண்டு. ஆனால் அதற்குப் பரப்பளவு வரம்பு உண்டு, நிலத்தில் பயிர் இருக்க வேண்டும். கிராண்டில் 'ஷாராட் ஞாத்தா' என்ற இடத்தில் எழுதியிருக்கும் நிபந்தனையையும், அடுத்து வரும் கட்டுப்பாட்டையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். சிலவற்றில் இன்ன பயிர்தான் என்றே இருக்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நம் பெயருக்கு மாற்ற முடியாது.

நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பகாங்கில் இருக்கும் நடைமுறை ஜொகூரில் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மாவட்ட நில அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். பிறகு ஊராட்சி மன்றம். திட்ட அனுமதி 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழும், கட்டட வரைபட அனுமதி 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழும் வரும். "காட்டுக்குள்ள யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்று சொல்லும் குத்தகையாளர், நோட்டீஸ் வரும் நாளில் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

கிராண்டே இல்லாமல் 'அடுத்தது அரசாங்க நிலம், சும்மாதான் கிடக்குது' என்று வேலியைத் தள்ளிப் போடுவோரும் உண்டு. ரவூப்பில் 2021-லும் 2025-லும் அரசு நிலத்தில் நட்டிருந்த, காய்த்துக்கொண்டிருந்த டுரியான் மரங்களை அதிகாரிகள் வெட்டிச் சாய்த்த காட்சிகளைப் பார்த்தோம். விவசாயிகளின் கண்ணீரையும் பார்த்தோம். யார் பக்கம் நியாயம் என்று பேசிக்கொண்டே இருக்கலாம். வெட்டிய மரம் திரும்ப வராது.

மரத்தின் கணக்கு

அந்த அப்பா சொன்னது சரி. டுரியான் மரம் உணவையும் நீரையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மண்ணின் மேல் பகுதியில்தான் அதிகமாகப் பரவியிருக்கும். அந்த வேர்களுக்குக் காற்றும் வேண்டும். மூன்று அடி மண்ணை மேலே கொட்டினால் மூச்சு முட்டும். மரம் அன்றைக்கே சாகாது. கிளை நுனி காயும், இலை குறையும், ஓரிரு ஆண்டில் முழு மரமும் போகும். அதற்குள் குத்தகையாளர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

பேக்கோவும் லாரியும் மரத்தடியில் திரும்பத் திரும்ப ஓடினாலும் இதே கதைதான். மண் இறுகி, மழைநீர் இறங்காமல் தேங்கும். டுரியானுக்குப் பெரிய எதிரி பைட்டோப்தோரா என்னும் நோய். ஈர மண்ணில் பெருகி, வேரிலும் பட்டையிலும் ஏறும். பட்டையில் செம்பழுப்பு நிறத்தில் நீர் வடிந்தால் அதுவாக இருக்கலாம். பேக்கோவின் வாளி பட்டையில் ஒரு தட்டுத் தட்டினால், அந்தக் காயம் நோய்க்குத் திறந்துவிட்ட கதவு. ஊஞ்சல் கட்ட ஆணி அடிப்பதும், விளக்குக் கம்பியை இறுக்கிச் சுற்றுவதும் அப்படித்தான்.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே, காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக் கிளை விரிந்திருக்கும் அளவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். 'இந்தக் கயிற்றுக்குள் வண்டியும் வரக்கூடாது, மண்ணும் சிமெண்டும் கொட்டக்கூடாது' என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இன்னொரு கணக்கு. டுரியானைப் பத்து மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஓர் ஏக்கருக்குச் சுமார் 40 மரம். ஒரு மரத்துக்கு 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,080 சதுர அடி. நீங்கள் கட்டும் 1,200 சதுர அடி வீடு ஒரு மரத்தின் இடத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் வாசலிலிருந்து வீடு வரை மூன்று மீட்டர் அகலத்தில் 60 மீட்டர் நீளத்துக்குப் பாதை போட்டால் அதுவே 180 சதுர மீட்டர். ஆறு கார் நிறுத்தித் திரும்ப இன்னும் 150 சதுர மீட்டர் போகும். வீட்டைவிடக் காருக்குத்தான் அதிக மரத்தைக் கொடுக்கிறோம். கார்களைச் சாலையோரமாகவே நிறுத்திவிட்டு, ஒரு சிறு நடைபாதை மட்டும் உள்ளே போகட்டுமே. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை இறக்கிவிட ஒரு வண்டி வந்து போகும் அளவுக்குப் பாதை இருந்தால் போதும்.

ஒட்டுக் கன்று காய்க்கவே ஐந்தாறு ஆண்டு ஆகும். மங்குஸ்தீனுக்கு ஏழிலிருந்து பத்து ஆண்டு வரை. வீட்டை ஆறே மாதத்தில் கட்டிவிடலாம். எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

வீடு சின்னதாக, அஞ்சடி பெரிதாக

நகரத்து மாடிவீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் வைக்கிறோம். நான்கு பக்கமும் சுவர், கண்ணாடிச் சன்னல், ஏர்கோன். பிறகு உள்ளேயே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறோம். அதற்கு எதற்குப் பழத்தோட்டம்?

மலாய்க் கம்பத்து வீடுகளைப் பாருங்கள். தூண்மேல் உயர்ந்து நிற்கும். காற்று கீழேயும் ஓடும், எதிரெதிர்ச் சன்னல் வழியாக உள்ளேயும் ஓடும். கூரை நீண்டு இறங்கிச் சாரலைத் தடுக்கும். நம் லயத்து வீடுகளிலும் அறை சின்னதுதான், வாழ்க்கை நடந்ததெல்லாம் அஞ்சடியில். காய் நறுக்கியதும் சண்டை போட்டதும் கல்யாணம் பேசி முடித்ததும் அங்கேதான். அந்த அஞ்சடியை இரண்டு மடங்கு அகலமாக்கிக் கட்டுங்கள். எட்டு அடி அகலம் இருந்தால் பாய் விரித்துப் பத்துப் பேர் சாப்பிடலாம், மழையிலும் உள்ளே ஓட வேண்டாம்.

வீட்டின் நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்த்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். மேட்டை வெட்டாமல், சரிவுக்கு ஏற்றபடி சிமெண்டுத் தூண்களை உயரம் மாற்றி நிறுத்தித் தரையை மேலே அமைக்கலாம். பெந்தோங் அண்ணனின் இடத்துக்கும் இது பொருந்தும். மண் நகராது, மரம் பிழைக்கும், கறையானும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறாது. முன்பு ரப்பர்க் காடாக இருந்த நிலத்தில் பழைய அடிமரங்கள் புதைந்து கிடந்தால் கறையான் நிச்சயம் இருக்கும். வெளியே நிற்கும் மரச் சட்டங்களுக்குச் செங்கால் போன்ற வைரமான மரம் வேண்டும். ரப்பர் மரப் பலகை மேசை நாற்காலிக்கு அருமை, ஆனால் மழையில் நிற்காது.

தகரக் கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு விரிப்புப் போட்டால் சூடும் குறையும், மழைச் சத்தமும் குறையும். அந்தக் கூரையே உங்கள் கிணறு. 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர். தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் கால் கழுவவும் பயன்படுத்தலாம். தொட்டிக்குக் கொசுவலை மூடி அவசியம். கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றுக்கு மேட்டுப் பக்கமாக ஒருபோதும் வைக்காதீர்கள்.

உட்காருமிடம் எந்த மரத்தடியில்?

டுரியான் மரத்தடியில் மேசை நாற்காலி போட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் முள் நிறைந்த ஒன்றிரண்டு கிலோ பழம், முன்னறிவிப்பு இல்லாமல் விழும். பழைய கம்பத்து மரம் 30 மீட்டரைத் தாண்டியும் வளரும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் விழும் என்பதை நம்பிப் பகலில் அடியில் தூங்க முடியாது. வீடு, உட்காருமிடம், சமையல் கொட்டகை, பிள்ளைகளின் ஊஞ்சல் எல்லாம் டுரியான் கிளைக்கு அப்பால் இருக்கட்டும். நடைபாதையும் அப்படித்தான். பருவத்தில் அடியில் போகிறவர் தலைக்கவசத்தோடு போகட்டும். பழத்தைத் தாங்க வலை கட்டும் வழக்கமும் உண்டு.

உட்கார நல்ல நிழல் வேண்டுமா? மங்குஸ்தீன், சீக்கு, ரம்புத்தான். இலை அடர்ந்த மரங்கள், பழமும் தலையை உடைக்காது. ரம்புத்தானில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். மரமே இல்லாத வெட்ட வெளியில் ஒரு பந்தல் போட்டுப் பாகலோ பேஷன் பழமோ ஏற்றிவிட்டால் அம்மாவுக்குச் சந்தோஷம்.

விளக்கு விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கை தாராளம். டுரியான் பூ மாலையில் மலர்கிறது. இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்தான் மகரந்தத்தை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகிறது. நாம் தைப்பூசத்துக்குப் படியேறும் பத்துமலையின் குகைகளில் வாழும் வௌவால்களில் இந்த வகையும் உண்டு. இரை தேடிப் பல கிலோமீட்டர் பறக்கும். பூக்கும் காலத்தில் மரத்தை நோக்கிப் பெரிய விளக்கைப் பாய்ச்சினால் விருந்தாளி எப்படி வரும்? அஞ்சடியிலும் பாதையிலும் தரையைப் பார்க்கும் சிறு விளக்குகள் போதும்.

டுரியான் தோலைக் குவித்து வைத்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும். வீட்டிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டி, தோலைக் கொத்திப் போட்டு மண்ணால் மூடினால் நாளடைவில் உரமாகும். வீட்டைச் சுற்றிப் புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள். பாம்பு வந்தால் கண்ணுக்குத் தெரியும். களைக்கொல்லி வேண்டாம். தோட்டங்களில் நம் அம்மாக்கள் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட்டை இந்த நாடு 2020-இல் தடை செய்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் வேறொரு விஷத்தை ஏன் தெளிக்க வேண்டும்?

சரிவை மறக்காதீர்கள்

2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி அருகே ஒரு பண்ணையில் இருந்த முகாம் தளத்தின் மேல் மண் சரிந்தது. விடுமுறைக்கு வந்து கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள், பிள்ளைகளும் அதில் உண்டு. அங்கே முகாம் தளம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் அப்போது கூறினார்கள். சரிவு தொடங்கியது பண்ணைக்கு மேலே, சாலையோரத்தில். உங்கள் நிலம் சமமாக இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளாமல், மேலே யார் நிலம், அங்கே என்ன வெட்டியிருக்கிறார்கள், மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். செங்குத்தான சரிவின் அடியில் படுக்கையறை வேண்டாம். மேட்டை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பொறியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். அங்கே பேக்கோ ஓட்டுநரின் அனுபவம் போதாது.

'வாரக் கடைசியில் வாடகைக்கு விட்டால் கடன் அடையுமே' என்று தோன்றும். உங்கள் குடும்பம் தங்குவது வேறு, காசு வாங்கிப் பிறரைத் தங்க வைப்பது வேறு. அதற்குத் தனி அனுமதி உண்டு. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை யார் இருப்பார்?

கடைசியாக ஒன்று. 'அப்பா அம்மாவுக்காக' என்றுதான் எல்லாரும் கட்டுகிறோம். அவர்களிடம் கேட்டோமா? எழுபது வயதில் இரவில் எழுந்து வெளிக் கழிப்பறைக்குப் போக முடியாது. உள்ளேயே வேண்டும், உட்காரும் வகையில், கைப்பிடியோடு. ஏறுவதற்குப் படியோடு ஒரு சாய்வுப் பாதையும் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் அமைத்தால் சக்கர நாற்காலியும் ஏறும். தொலைபேசி அலைவரிசை கிடைக்கிறதா, மருத்துவமனை எவ்வளவு தூரம், பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருக்கிறதா? ஞாயிறு மாலை எல்லாக் காரும் கிளம்பிய பிறகு அந்த இரண்டு பேரும் எப்படி இருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். அவர்கள் வாரக் கடைசியில் வந்து போவதே போதும் என்றால், பூட்டியே கிடக்கப்போகும் ஐந்து அறை வீடு எதற்கு? ஓர் அறை, ஒரு கழிப்பறை, ஒரு சமையலிடம், பெரிய அஞ்சடி. அதுவே நிறைவு.

என்னைக் கேட்டால், கட்டுவதற்கு முன் ஒரு பருவம் காத்திருங்கள். முதலில் ஒரு கழிப்பறையும் கூரை மட்டும் உள்ள ஒரு கொட்டகையும் போதும். பழம் பொறுக்கிப் பிரிக்கவும் அதுவே உதவும். ஒரு பூக்காலம், ஒரு காய்க்காலம், ஒரு பெருமழை அங்கே போய்வந்தால், தண்ணீர் எங்கே தேங்குகிறது, மாலைக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, குரங்கு எந்த வேலியைத் தாண்டுகிறது, பெரியவர்கள் தாமாகவே எந்த இடத்தில் நாற்காலியைப் போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த நாற்காலி இருக்கும் இடத்தில் அஞ்சடியைக் கட்டுங்கள்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு நிலம் இருந்தால், இந்த ஞாயிறு கிராண்டை எடுத்து மேசையில் வையுங்கள். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த மரம் எத்தனை வயது என்று கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். குத்தகையாளரிடம் முதலில் கொடுக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.